குழந்தையின் கண் பெரிதாக இருக்கிறதா?

குழந்தைக்குக் கண் பெரிதாக இருந்துவிட்டால் நம் வீடுகளில் ஒரே பெருமைதான். "அப்படியே மான் கண்ணு!" என்று வருகிறவர் போகிறவர் எல்லாம் சொல்ல, பாட்டி உடனே உப்பும் மிளகாயும் எடுத்துக்கொண்டு திருஷ்டி சுற்றக் கிளம்பிவிடுவாள். சுற்றட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் சுற்றி முடித்த கையோடு இன்னொன்றையும் கவனித்துவிட வேண்டும். அந்தக் கண்ணில் ஓயாமல் நீர் வடிகிறதா? வெளிச்சம் பட்டால் குழந்தை முகத்தைச் சுளித்துக் கண்ணை இறுக்கிக்கொள்கிறதா? கருவிழி பளிச்சென்று இல்லாமல், ஆவி படிந்த கண்ணாடி மாதிரி மங்கிக் கிடக்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தால்கூட நாளைக் கடத்தாமல் கண் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள். உள்ளே அழுத்தம் கூடி உப்பிய கண்ணாக அது இருக்கலாம்.

க்ளாக்கோமா என்கிற கண் நீர் அழுத்த நோய் தாத்தா பாட்டிகளுக்கு வருவது என்றுதான் நம்மில் பலரும் நினைக்கிறோம். பிறக்கும்போதே அதைக் கொண்டுவரும் குழந்தைகளும் உண்டு. மேல்நாடுகளில் 10,000 முதல் 20,000 பிறப்புக்கு ஒரு குழந்தைக்கு என்று கணக்குச் சொல்கிறார்கள். நமக்குப் பக்கத்தில் ஆந்திராவில் ஆராய்ந்து பார்த்தபோது 3,300 குழந்தைகளில் ஒன்றுக்கு இருந்ததாம். ஏன் இவ்வளவு வித்தியாசம் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

இந்த விஷயமெல்லாம் என் தங்கை மகளின் பிள்ளைக்கு வந்த பிறகுதான் எங்கள் குடும்பத்துக்குத் தெரியவந்தது. 2022 ஜனவரியில் பிறந்தான். கொழுகொழுவென்று நல்ல எடை. இரண்டாவது மாதம் முதல் வலது கண்ணில் நீர். பக்கத்தில் இருந்த ஒரு க்ளினிக்கில், "கண்ணீர்க் குழாய் அடைப்பு. மூக்கோரமாகத் தடவி விடுங்க, சரியாயிடும்" என்று அனுப்பிவிட்டார்கள். அப்படி அடைப்பு ஏற்படுவது கைக்குழந்தைகளுக்கு ரொம்பச் சாதாரணம்தான். பெரும்பாலும் தானாகவே சரியாகியும் விடும். ஆனால் அந்த அடைப்பில் கண் பீளை கட்டும், இமை ஒட்டிக்கொள்ளும். கருவிழி தெளிவாகவே இருக்கும், குழந்தை வெளிச்சத்துக்குப் பயப்படாது. இவனுக்கோ பீளை இல்லை. ஜன்னல் பக்கம் தூக்கிக்கொண்டு போனால் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்வான்.

"பெரியம்மா, இவன் என் முகத்தையே பாக்க மாட்டேங்கறான்" என்று அவள் என்னிடம் போனில் அழுதபோது பிள்ளைக்கு நான்கு மாதம் முடியப் போகிறது. அதற்குள் அவள் மாமியார் தாய்ப்பால் பீய்ச்சிப் பார்த்து, விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்து, நல்லவேளை வெங்காயச் சாறு வரைக்கும் போகவில்லை. மறுநாளே பெரிய கண் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம்.

குழந்தைகளுக்கென்றே இருந்த அந்த டாக்டரம்மா நல்ல பொறுமைசாலி. என்ன நோய் என்பதை அவர் சொன்ன விதத்திலேயே சொல்கிறேன், அதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியாது. கண்ணின் முன் அறையில் ஒரு தெளிந்த நீர் எப்போதும் ஊறிக்கொண்டே இருக்கிறது. வெளியே வழிகிற கண்ணீர் வேறு, இது வேறு. இது ஊற ஊற வெளியேறிக்கொண்டும் இருக்க வேண்டும். கருவிழியின் விளிம்பும் உள்ளே இருக்கும் நிறத்திரையும் சேர்கிற மூலையில் ஒரு சல்லடை. சல்லடைக்குப் பின்னால் கண்ணைச் சுற்றி வளையம் போல ஒரு மெல்லிய கால்வாய். ஷ்லெம் கால்வாய் என்று பெயர். அதன் அகலம் ஏறக்குறைய கால் மில்லிமீட்டர்தான். அதன் வழியாக நீர் ரத்தத்தில் போய்ச் சேர்ந்துவிடும். இந்தக் குழந்தைகளுக்கு அந்த மூலை கருப்பையிலேயே சரியாக வளர்ந்து முடியவில்லை. குழாய் திறந்தபடி இருக்கிறது, தொட்டியின் ஓட்டை அடைத்துக் கிடக்கிறது. அப்புறம் என்ன ஆகும்?

பெரியவர்கள் கண்ணின் சுவர் கெட்டியானது; அழுத்தம் கூடினாலும் வெளியே தெரியாது. பச்சைக் குழந்தையின் கண் பலூன் போல இழுபடும். அதனால்தான் கண் பெரிதாகிறது. இதற்குக் கிரேக்க மொழியில் 'எருதுக் கண்' என்ற பொருளில் பெயர் வைத்திருக்கிறார்கள். நாம் மான் என்றோம், அவர்கள் மாடு என்றார்கள், அவ்வளவுதான்! இழுபட்டதில் கருவிழியின் உள் தோல் அங்கங்கே கிழிகிறது, உள்நீர் ஊறிக் கருவிழி வீங்கி மங்குகிறது. வெளிச்சம் உறுத்துவது இதனால்தான். பின்னால் பார்வை நரம்பையும் அழுத்தம் நசுக்குகிறது. அதில் போன பார்வை திரும்பாது.

பிறந்த குழந்தையின் கருவிழி குறுக்களவு 10 மில்லிமீட்டர் சுமார் இருக்கும். 11-ஐத் தாண்டினாலே சந்தேகப்படுவார்கள். ஒரு வயதுக்குள் 12-ஐத் தாண்டினால் கட்டாயம் சோதிப்பார்கள். எங்கள் பயலுக்கு வலது கண் 13, இடது கண் 12.

சொட்டு மருந்து போட்டே சரி செய்யக் கூடாதா என்று கேட்டோம். மருந்து ஆபரேஷன் வரைக்கும் அழுத்தத்தைக் கொஞ்சம் பிடித்துவைக்கும், அடைப்பைத் திறக்காது. திறக்கக் கத்திதான் வேண்டும். (இங்கே ஒரு எச்சரிக்கை. 'தாத்தாவும் க்ளாக்கோமாவுக்குத்தானே சொட்டு மருந்து போட்டுக்கறார், அதையே பிள்ளைக்கு விட்டால் என்ன' என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். பிரிமோனிடின் என்று ஒரு சொட்டு மருந்து பெரியவர்களுக்கு ரொம்பச் சகஜம். கைக்குழந்தைக்கு அதை விட்டால் மயங்கித் துவண்டு மூச்சே நின்று போகலாம். இரண்டு வயதுக்குள் அது கூடவே கூடாது.)

இந்த ஆபரேஷனுக்கும் ஒரு கதை உண்டு. ஒரு காலத்தில் இப்படிப் பிறந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் குருடாகித்தான் போனார்கள். 1930-களின் கடைசியில் சான்பிரான்சிஸ்கோவில் ஆட்டோ பார்க்கன் என்ற டாக்டர், கண்ணின் மேல் ஒரு விசேஷ லென்ஸை வைத்து, அந்த மூலையை நேராகப் பார்த்துக்கொண்டே ஊசி போன்ற கத்தியால் சல்லடையைக் கீறிவிட்டார். நிறையக் குழந்தைகளுக்குப் பார்வை தங்கியது. ஆனால் அதற்குக் கருவிழி தெளிவாக இருந்தாக வேண்டும். மங்கிய கண்ணாடி வழியாக உள்ளே எப்படிப் பார்ப்பது? 1960-ல் அமெரிக்காவில் பூரியன் என்பவரும் லண்டனில் ரெட்மண்ட் ஸ்மித் என்பவரும், ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளாமலே, வேறு வழி கண்டுபிடித்தார்கள். வெளியே இருந்து, கண்ணின் வெள்ளைப் பகுதியைத் திறந்து, அந்தக் கால்வாயைத் தேடிப் பிடித்து, மெல்லிய கம்பியை அதற்குள் விட்டு உள்பக்கமாகத் திறப்பது. கருவிழி மங்கியிருந்தாலும் இது செய்யலாம்.

நம் நாட்டில் பிள்ளைகள் வந்து சேரும்போதே பெரும்பாலும் கருவிழி மங்கிவிடுகிறது. அதனால் இங்கே இந்த வெளிவழி ஆபரேஷன்தான் அதிகம். ஹைதராபாத் எல்.வி.பிரசாத் கண் ஆஸ்பத்திரியில் டாக்டர் அனில் மண்டல், இதோடு நீர் வெளியேற இன்னொரு வழியையும் சேர்த்துத் திறந்துவிடும் முறையை நூற்றுக்கணக்கான குழந்தைகளுக்குச் செய்து பேர் வாங்கியவர். பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத சிசுக்களுக்கும் செய்திருக்கிறார்.

சரி, இதிலே படம் எங்கே வருகிறது? அந்தக் கால்வாயைத் 'தேடிப் பிடித்து' என்று எழுதினேனே, அந்த இடத்தில்தான். சாதாரணக் கண்ணில் கருவிழியின் நீலச் சாம்பல் ஓரமும் வெள்ளையும் சேர்கிற கோட்டைப் பார்த்து, இங்கேதான் கால்வாய் என்று டாக்டர்கள் அடையாளம் வைத்திருக்கிறார்கள். உப்பி இழுபட்ட கண்ணில் அந்த ஓரமே அகன்று மெலிந்து, அடையாளம் இடம் மாறிவிடுகிறது. ரவிக்கைத் துணி சாயம் போய் இழுபட்டுவிட்டால் பழைய தையல் கோட்டை நம்பி வெட்ட முடியுமா? அப்படித்தான். இடம் கொஞ்சம் தவறினாலும் கம்பி கால்வாய்க்குள் போகாமல் வேறெங்கோ பொய் வழி பண்ணிக்கொண்டு போய்விடும். ரத்தமும் கசியும், அழுத்தமும் குறையாது.

அதனால் முன்கூட்டியே உள்ளே படம் பிடித்துப் பார்க்கிறார்கள். இரண்டு விதப் படம் இருக்கிறது. ஒன்று யூ.பி.எம். என்கிற ஸ்கேன். கனடாவில் டொரான்டோ நகரத்தில் பாவ்லின் என்ற கண் டாக்டரும் ஃபாஸ்டர் என்ற விஞ்ஞானியும் சேர்ந்து 1990-வாக்கில் கொண்டுவந்தது. கர்ப்பிணிகளுக்கு வயிற்றில் வைத்துப் பார்க்கிறார்களே, அதே ஒலி அலைதான். ஆனால் அதைவிடப் பத்து மடங்குக்கு மேல் நுட்பமான அலை. நாலைந்து மில்லிமீட்டர் ஆழத்துக்கு மேல் போகாது. ஆனால் அந்த ஆழத்துக்குள் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு சமாசாரத்தைக்கூடக் காட்டிவிடும். ஒலிக்குக் கருவிழி மங்கலானால் என்ன, தெளிவானால் என்ன? நிறத்திரைக்குப் பின்னால் இருப்பதுகூடத் தெரியும். கண்ணின் மேல் ஒரு சின்னக் கிண்ணம் போல வைத்து, அதில் திரவம் ஊற்றி, அதற்குள் கருவியை வைத்துப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று ஓ.சி.டி. இது 1991-ல் அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் பிறந்தது. ஒலிக்குப் பதில் கண்ணுக்குத் தெரியாத செவ்வொளி. கண்ணைத் தொடவே வேண்டாம், படம் யூ.பி.எம்.மைவிடக் கூர்மை. லேசான மங்கலைத் தாண்டியும் பார்க்கும். ஆனால் நிறத்திரைக்குப் பின்னால் போகாது. பெரியவர்கள் மோவாயை வைத்து உட்கார்ந்து எடுத்துக்கொள்கிற மிஷின் இதுதான். கைக்குழந்தை அப்படி உட்காருமா? அதற்காகக் கையில் பிடித்தே எடுக்கிற கருவியும், ஆபரேஷன் மைக்ராஸ்கோப்பிலேயே பொருத்திய கருவியும் வந்திருக்கின்றன. இந்தக் கடைசி வகை இருந்தால், கத்தி வைத்துக்கொண்டிருக்கும்போதே குறுக்குவெட்டுப் படம் டாக்டருக்குத் தெரிந்துகொண்டே இருக்கும்.

இரண்டிலும் எக்ஸ்ரே கதிர் கிடையாது. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், எங்கள் சம்பந்தியம்மாள் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே தகராறு பண்ணிவிட்டார்கள். "பச்சக் குழந்தைக்கு மயக்க மருந்து குடுத்து ஸ்கேன் வேறயா? பண்றதா இருந்தா நேரா ஆபரேஷனைப் பண்ணட்டுமே!" என்று. என் தங்கை மகள் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறாள், மாப்பிள்ளை அம்மாவைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். கையெழுத்துப் போடுகிற பேனா அவர் சட்டைப் பையிலேயே இருக்கிறது.

டாக்டரம்மாவே வெளியே வந்தார். "அம்மா, மயக்கம் ஒரே தடவைதான். அதிலேயே அழுத்தம் பாக்கறது, கருவிழி அளக்கறது, ஸ்கேன் எடுக்கறது எல்லாம் முடிச்சு, அதே மயக்கத்திலேயே ஆபரேஷனும் செஞ்சிடுவோம். ஸ்கேனுக்கு கூடக் கொஞ்ச நேரம் ஆகும். அதைப் பாக்காம போனா, இருட்டுல பூட்டைத் தேடற மாதிரி நான் தேடணும்" என்றார். சம்பந்தியம்மாள் ஒன்றும் பேசவில்லை. சற்றுப் பொறுத்து, "கையெழுத்தைப் போடுடா" என்றார்கள்.

மயக்கத்துக்கு முன் வயிறு காலியாக இருக்க வேண்டும். தாய்ப்பால் என்றால் 4 மணி நேரம், பவுடர் பால் என்றால் 6 மணி நேரம் முன்னாலேயே நிறுத்தச் சொல்வார்கள். எத்தனை மணிக்குக் கடைசிப் பால் என்று நர்ஸிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை பசியில் கத்துகிறதே என்று ஒரு பாட்டி மறைவாக ஒரு வாய் கொடுத்துவிட்டால் புரையேறி உயிருக்கே ஆபத்து. சளி, காய்ச்சல் இருந்தாலும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இவனைப் பெற்றவளால் அந்த அழுகையைத் தாங்க முடியவில்லை. பால் வாசனைக்கு அவன் இன்னும் கத்துவான் என்று நான்தான் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

ஆபரேஷன் முடிந்த பிறகு டாக்டரம்மா அந்தப் படத்தைக் காட்டினார். கருப்பு வெள்ளையில், மழையில் கலைந்த கோலம் மாதிரி இருந்தது. அவர் விரலை வைத்துக் காட்டக் காட்டத்தான் புரிந்தது. மேலே வளைந்த வெள்ளைக் கோடு கருவிழி, வீக்கத்தில் தடித்திருந்தது. கீழே மெல்லிசாக நிறத்திரை. அது சேர வேண்டிய இடத்துக்கு முன்னாலேயே ஒட்டிக்கொண்டு மூலையை மறைத்திருந்தது. பக்கத்தில் கடுகை விடச் சின்னதாக ஒரு கரும்புள்ளி. "இதான் கால்வாய். வழக்கமா நாங்க திறக்கற உச்சிப் பக்கத்திலே வலது கண்ணுல இது தெரியவே இல்ல. மூக்குப் பக்கமாத் தள்ளிப் பாத்தா தெரிஞ்சுது. ஓரத்திலேர்ந்து எவ்வளவு தூரம்னும் அளந்துக்கிட்டோம். அங்கேயே திறந்தோம், கம்பி உள்ளே போச்சு" என்றார். இடது கண்ணில் அவ்வளவு சிரமம் இருக்கவில்லையாம்.

சில இடங்களில் கம்பிக்குப் பதிலாக, நுனியில் விளக்கு எரிகிற மெல்லிய குழாயை அந்தக் கால்வாய்க்குள் விட்டு, ஒளி நகர்வதை வெளியிலிருந்தே பார்த்துக்கொண்டு வளையம் முழுவதையும் ஒரே தடவையில் திறக்கிறார்களாம். மனிதன் மூளையை என்ன சொல்வது!

ஆனால் ஒன்று. இதைப் படித்துவிட்டு, ஸ்கேன் மிஷின் எங்கே இருக்கிறது என்று ஊர் ஊராகத் தேடி யாரும் நாளைக் கடத்த வேண்டாம். கருவிழி தெளிவாக இருந்தால் டாக்டர் லென்ஸ் வைத்து நேரிலேயே பார்த்துச் செய்துவிடுவார். மிஷின் இல்லாத இடத்திலும் அனுபவம் உள்ள கை இருந்தால் நல்லபடியாகச் செய்கிறார்கள். வருஷக்கணக்காக அப்படித்தானே செய்து வந்தார்கள்! படம் கைக்குத் துணை. ஸ்கேன் உண்டா என்று கேட்பதற்கு முன்னால், இந்த ஆபரேஷனைக் குழந்தைகளுக்கு அடிக்கடி செய்கிறவரா என்று கேளுங்கள். டாக்டர் ஸ்கேன் வேண்டும் என்று சொன்னால் மட்டும், 'எதற்கு வீண் செலவு' என்று தடுக்காதீர்கள்.

ஆபரேஷனோடு முடிந்துவிடுகிற வியாதியும் இல்லை இது. முதலில் சில வாரங்களிலும், பிறகு சில மாதங்களுக்கு ஒரு தடவையும் மயக்கம் கொடுத்தே சோதிக்க வேண்டியிருந்தது. அழுத்தம் மட்டும் பார்ப்பதில்லை. கண்ணின் முன்பின் நீளத்தையும் ஒலி அலையால் அளக்கிறார்கள். பிறக்கும்போது 17 மில்லிமீட்டர் போல இருப்பது வயதுக்கேற்ற கணக்கில்தான் வளர வேண்டும். அதற்கு மேல் ஓடினால் உள்ளே அழுத்தம் மறுபடி ஏறுகிறது என்று அர்த்தம். ஆறாவது மாதம் வலது கண்ணில் அப்படித்தான் ஆகி, இன்னொரு ஆபரேஷன் செய்யும்படி ஆயிற்று. பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, எந்தப் பக்கம் திறந்திருக்கிறது, எந்தப் பக்கம் பாக்கி என்று முடிவு செய்தார்கள். அதனால் படங்களையும் அளவுச் சீட்டுகளையும் ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். ஊர் மாறினால் அதுதான் கை கொடுக்கும்.

இழுபட்ட கண்ணுக்குக் கிட்டப்பார்வை வருவது சகஜம். ஒரு வயதிலேயே கண்ணாடி போட்டார்கள். அடுத்து, நன்றாக இருக்கும் இடது கண்ணைத் தினம் 2 மணி நேரம் ஒட்டுப் போட்டு மூடி, மங்கிய வலது கண்ணுக்கு வேலை கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் மூளை அந்தக் கண்ணைக் கண்டுகொள்ளாமலே விட்டுவிடுமாம். ஆபரேஷனைவிட இதுதான் பெரும்பாடு! பிய்த்து எறிவான், உருளுவான். கடைசியில் அதே சம்பந்தியம்மாள்தான் தன் ஒரு கண்ணிலும் பஞ்சை ஒட்டிக்கொண்டு அவனோடு பந்து உருட்டி வழிக்குக் கொண்டுவந்தார்கள். 2025-ல் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாயிற்று. இடது கண் நல்ல பார்வை. வலது கண்ணில் பெரிய எழுத்துத் தெரிகிறது.

3,300-ல் ஒன்று என்ற கணக்குக்கு வருகிறேன். இந்த நோய்க்கான முக்கியமான மரபணுவை 1997-ல் கண்டுபிடித்தார்கள். அம்மா, அப்பா இருவரிடமும் அந்தக் குறை ஒளிந்திருந்து இரண்டும் பிள்ளையிடம் சேர்ந்தால்தான் நோய் வரும். ஒருவரிடம் மட்டும் இருந்தால் வராது. உறவிலேயே கொள்வினை கொடுப்பினை இருந்தால் இரண்டும் ஒன்று சேர வாய்ப்பு அதிகம். என் தங்கை மகளைச் சொந்த அத்தை மகனுக்குத்தான் கொடுத்திருக்கிறோம். 'உன் வம்சத்து வியாதி', 'உன் வம்சத்து வியாதி' என்று இரண்டு வீட்டிலும் முணுமுணுப்பு எழுந்தபோது டாக்டரம்மா சிரித்துவிட்டார். "ரெண்டு பேருக்கும் ஒரே தாத்தா பாட்டிதானே? அப்புறம் எங்கேர்ந்து ரெண்டு வம்சம்?" என்றார். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

இப்படிப்பட்ட தம்பதிக்கு ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அதனால் அடுத்த குழந்தையைப் பிறந்தவுடனே காட்ட வேண்டும் என்று முன்பே எழுதிக் கொடுத்திருந்தார். 2025 கடைசியில் அவளுக்குப் பெண் பிறந்தது. மூன்றாம் நாளே கண்ணைப் பார்த்தார்கள். கருவிழி இரண்டும் 10 மில்லிமீட்டர், தெளிவாக இருந்தது. ஒரு மாதம் கழித்து மறுபடி தூக்கிக்கொண்டு வரச் சொன்னார்கள்.